கட்டின்மேல் ஊதாக் கோடு

போன வாரம் குளியலறையில் கால் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்துவிட்டது. வயசானவன் தோல், வெங்காயச் சருகு மாதிரி வந்துவிடுகிறது. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருகிற நர்ஸ் பெண் அதன்மேல் கண்ணாடித் தாள் போல ஒன்றை உரித்து ஒட்டினாள். பஞ்சு இல்லை, காஸ் துணி இல்லை, சுற்றுத்துணி இல்லை. புண் அப்படியே வெளியே தெரிகிறது. உள்ளே ஈரம் கோத்துக்கொண்டு நிற்கிறது.

"தண்ணி நிக்குதேம்மா," என்றேன்.

"நிக்கணும் ஐயா. அந்த ஈரத்துலதான் புதுத்தோல் படரும். அடுத்த வெள்ளிக்கிழமை நானே வந்து எடுப்பேன். அதுவரைக்கும் கைய வெச்சிடாதீங்க."

நானும் முப்பத்தெட்டு வருஷம் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரஸ்ஸராக இருந்தவன் என்று அவளிடம் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம். இப்போது கடல்பாசியில் செய்தது, நுரை போல இருப்பது, கூழாக இருப்பது என்று பத்துப் பதினைந்து தினுசு வந்துவிட்டதாம். உங்கள் காலத்தில் என்னென்ன வைத்துக் கட்டினீர்கள், எங்கள் நர்சுகள் சங்க மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றாள். எழுதுகிறேன். ஆனால் 'கைய வெச்சிடாதீங்க' என்று அவள் சொன்னதிலிருந்து பழைய மருந்துகளின் பெயரை எழுத உட்கார்ந்தால், வேறொன்றுதான் வருகிறது. அதையும் எழுதாமல் இதை எழுத முடியவில்லை.

நான் காடாம்புலியூர்க்காரன். எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகிற வழியில் வயிறு கலங்கி, முந்திரித் தோப்பில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினவன். அதோடு படிப்பு முடிந்தது. பயப்படுவது எனக்குப் பிறவிக் குணம். பூட்டின கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்கமாட்டேன். பண்ருட்டியில் ஒரு டாக்டரிடம் நாலு வருஷம் ஊசி வேகவைத்து, துணி சுருட்டி, கட்டுப் போடக் கற்றுக்கொண்டேன். பிறகு நெய்வேலியில் சுரங்கம் தோண்ட மண் எடுக்கிற ஒப்பந்தக்காரர் ஒருவர் தன் ஆட்களுக்காக வைத்திருந்த முதலுதவிக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். அறுபதாம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முன்னே. தோண்டின குழிக்கு ஒரு விளிம்பில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு பெஞ்சு, ஒரு ஸ்டவ், ஒரு அலமாரி. மத்தியானம் அந்தக் கூரைக்குக் கீழே வாஸலின் தானாக உருகி எண்ணெயாகிவிடும்.

அலமாரியில் இருந்தவை இவ்வளவுதான். சிராய்ப்புக்குச் சிவப்பு மருந்து. ஆழமான வெட்டுக்கு மஞ்சள் மருந்தில் நனைத்த காஸ். சீழ் வைத்த புண்ணுக்கு யூசால். பிளீச்சிங் பவுடர் வாசனை அடிக்கும், செத்த சதையை அரித்து எடுக்கும், கூடவே நல்ல சதையையும் கொஞ்சம் அரிக்கும். கட்டிக்கு ரோஜா நிறத்துப் போரிக் லின்ட் துணி, வெந்நீரில் பிழிந்து ஒத்தடமாக வைப்பது. பஞ்சை ஒருநாளும் புண்ணின்மேல் நேரே வைக்கக்கூடாது. இழை ஒட்டிக்கொண்டு உள்ளேயே கிடந்து அழுகும். காஸை வைத்து அதன்மேல்தான் பஞ்சு. வெறும் காஸும் காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். உப்புத்தண்ணீர் விட்டு ஊறவைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு உரிக்க வேண்டும். யாருக்கு அவ்வளவு பொறுமை? வாசலில் இருபது பேர் நிற்பார்கள். ஒரே இழுப்பு. ரத்தம் துளிர்க்கும். துளிர்த்தால் புண் சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம், அப்படித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ராத்திரி முழுக்க வளர்ந்த புதுத்தோலை நாங்கள் காலையில் பிய்த்து எடுத்ததால்தான் அது துளிர்த்தது என்று எவரும் சொல்லவில்லை.

வருகிறவர்களுக்கும் அப்படித்தான் வேண்டும். நிறம் இல்லாத மருந்தை அவர்கள் மருந்தாகவே ஏற்றுக்கொள்ளவில்லை.

"என்னாங்க, வெறுந்தண்ணியில தொடச்சி அனுப்புறீங்க? எதுனா கலரு போடுங்க. வூட்ல கேப்பாங்க."

தினம் பிரித்துத் தினம் கட்டுகிறவன்தான் நல்ல டிரஸ்ஸர். இரண்டு நாள் பிரிக்காமல் விட்டால், கவனிப்பு இல்லை என்று முகம் சுருங்கும். சுரங்கத்து ஆட்கள் நடுவில் அது சட்டம் மாதிரி இருந்தது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் ஜீப்பில் வருவார். நாகர்கோவில் பக்கத்து மனிதர், ஞானமுத்து என்று பெயர். உயரமாக, ஒல்லியாக இருப்பார். வந்ததும் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஒரே அளவாக ஐந்து மடிப்பு மடிப்பார். கை கழுவ எனக்கு அரை நிமிஷம் ஆகும், அவருக்கு ஐந்து நிமிஷம். பெஞ்சில் இருக்கிறவன் அலறிக்கொண்டிருந்தாலும் ஐந்து நிமிஷம்தான். புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், பிரித்த காஸை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்வார். குரலை உயர்த்தித் திட்ட மாட்டார். மெதுவாக ஒரு வாக்கியம் சொல்வார், அது போதும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கட்டைப் பிரிக்கக்கூடாது என்று நினைக்கிறாரோ, அதன் கடைசி நுனியை ஒரு பிளாஸ்திரித் துண்டால் ஒட்டி, பிளாஸ்திரிக்கும் அடியிலிருக்கிற துணிக்கும் குறுக்கே காப்பிப் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. உலர்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில், ஈரம் பட்டால் ஊதா மை. நாங்களெல்லாம் நாக்கில் தொட்டு எழுதுவோம், அவர் ஈரப் பஞ்சில் தொட்டு எழுதுவார். கோட்டின் கடைசியில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும். பிரித்துவிட்டு மறுபடி கட்டினால் கோடு கோட்டோடு சேராது. தாலுகா ஆபீசில் அரக்கு வைப்பதுபோல.

நான் சேர்ந்த முதல் தைப்பொங்கலுக்கு மூன்று நாள் ஊருக்குப் போனேன். மாணிக்கம் என்ற ஆளுக்கு மண்வெட்டி பட்டுக் கெண்டைக்கால் பிளந்திருந்தது. தினம் பிரிக்க வேண்டிய கட்டு. வேறு யாரும் பார்த்துக்கொள்ள இல்லை. வந்து பிரித்தபோது உள்ளே வெள்ளை வெள்ளையாக நெளிந்தது. புழு. எனக்குக் கண் இருட்டிவிட்டது. அன்று பார்த்து வெள்ளிக்கிழமை. டாக்டர் குனிந்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். உப்புத்தண்ணீர் விட்டுக் கழுவினார். அடியில் சதை மாதுளை முத்து மாதிரி சிவந்து சுத்தமாக இருந்தது. செத்தது ஒரு துணுக்கு இல்லை.

"உன்னைவிட நல்லா வேலை செஞ்சிருக்கு," என்றார். "சம்பளம் குடுத்தா இதுக்குத்தான் குடுக்கணும்."

பெஞ்சிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தக் கால் நன்றாக ஆறியது. எனக்குத்தான் ஆறவில்லை. வருஷம் திரும்புகிறவரை, "என்னா டிரஸ்ஸரே, இன்னிக்கி உங்க ஆளுங்க வேலைக்கி வர்லியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். அது பரவாயில்லை. ஆனால் அதற்குப் பிறகு மூடின கட்டைப் பார்த்தால் உள்ளே ஏதோ நெளிவதுபோலவே இருக்கும். பிரித்துப் பார்த்தால்தான் சோறு இறங்கும். ஒருநாள் ஒன்றுக்கு இரண்டு தடவைகூடப் பிரித்திருக்கிறேன். ஆட்களுக்கு அது பிடித்துப்போயிற்று. நல்ல டிரஸ்ஸர் என்று பெயர் வந்தது.

நிலக்கரி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்து ஒன்றிரண்டு வருஷம் கழித்துத்தான் கொளஞ்சி வந்தான். வந்தான் என்ன, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கம்மாபுரத்துக்குக் கிட்டே ஒரு கிராமம். தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலி வேலை. அந்த வயல்கள் சுரங்கத்துக்குப் போயின. வயல் வைத்திருந்தவர்களுக்கு நஷ்டஈடு வந்தது, அதில் நாற்று நட்டவனுக்கு ஒன்றுமில்லை. அவன் குடியிருந்த வீடும் அடுத்த வருஷம் குழிக்குள் போகப்போகிறது என்று சொல்லியிருந்தார்கள். பெண்டாட்டி அஞ்சலை, இரண்டு பெண் குழந்தைகள். ஒப்பந்தக்காரரிடம் மூன்று வருஷமாக மண் வாரியவர்களில் பன்னிரண்டு பேரைச் சுரங்கக் கம்பெனியில் பெர்மனென்ட் வேலைக்கு எடுக்கப் பெயர் எழுதியிருந்தார்கள். அதில் கொளஞ்சி பெயர் இருந்தது. பெர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். மூன்று வாரத்தில் உடல் தகுதிப் பரீட்சை. அதற்குள் இது.

சித்திரை வெயிலில் வெட்டிப்போட்ட பழுப்பு நிலக்கரிக் குவியல் தானாகவே உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். மேலே சாம்பல் பூத்துத் தரை மாதிரி தெரியும். அதில் கால் வைத்துவிட்டான். வலது பாதம் கணுக்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது.

அன்று செவ்வாய்க்கிழமை, டாக்டர் இருந்த நேரம். பாதத்தின் மேல்புறத்தில் கொப்புளம் உடைந்து தோல் சுருண்டு தொங்கியது. அவர் நிறைய நேரம் பார்த்தார். ஒரு ஊசியின் முனையால் அங்கங்கே தொட்டார். தொட்ட இடமெல்லாம் கொளஞ்சி துடித்தான்.

"வலிக்குதா? நல்லது," என்றார். "ஆழமாப் போகலை. பதினெட்டு நாள், இருபது நாள். ஆறிடும்."

"பரிச்சைக்கி மூணு வாரம் இருக்குதுங்க," என்றான் கொளஞ்சி.

"கைய வைக்காம இருந்தா அதுக்குள்ள ஆறும்."

சுருண்ட தோலைக் கத்தரித்தார். உப்புத்தண்ணீர் ஊற்றினாரே தவிரத் துடைக்கவில்லை. பிறகு தன் பையிலிருந்து தட்டையான ஒரு தகர டப்பாவை எடுத்தார். அப்படி ஒன்றை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. உள்ளே வாஸலினில் ஊறின வலைத்துணி, துண்டு துண்டாக, நடுவில் எண்ணெய்த்தாள் வைத்து அடுக்கியிருந்தது. இரண்டு இடுக்கிகளால் இரண்டு மூலையைப் பிடித்து, ஒரு சுருக்கம் விழாமல், குழந்தைக்குப் போர்த்துவதுபோல் புண்ணின்மேல் இறக்கினார்.

"மீனு புடிக்கிற வலயாட்டம் இருக்குதுங்களே," என்றான் கொளஞ்சி. அந்த வலியிலும் அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "மீனு மாட்டுனா டிரஸ்ஸருக்கும் ஒரு துண்டு குடுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. வலைமேல் நாலு மடிப்புக் காஸ், அதன்மேல் பஞ்சு, விரலடியிலிருந்து கணுக்காலுக்கு மேலே வரைக்கும் சுற்றுத்துணி. பிளாஸ்திரி. ஈரப் பஞ்சில் பென்சிலைத் தொட்டுக் கோடு. கொக்கி.

"அடுத்த செவ்வாய்க்கிழமை நான் பிரிப்பேன். இது ஒட்டாது. ஒட்டாம இருந்தா அடியில தோல் வரும். வெளியில ஊறும், மணம் வரும், அரிக்கும். வரட்டும். யாரும் தொடக்கூடாது." கடைசி வார்த்தையைக் கொளஞ்சியிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்.

புதன்கிழமை கொளஞ்சி ஒரு கழியை ஊன்றிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். தினம் கொட்டகைக்கு வந்து முகம் காட்ட வேண்டும் என்று மேஸ்திரி உத்தரவு. வியாழக்கிழமை அஞ்சலையும் வந்தாள். கட்டின் பக்கவாட்டில் மஞ்சளாக நனைந்திருந்தது.

"வாசன அடிக்குதுங்களே," என்றாள். "ராவெல்லாம் அரிக்குது அரிக்குதுன்னு தூங்கவே இல்ல. மத்தவங்களுக்கெல்லாம் தெனம் பிரிச்சிக் கட்டுறீங்க. இவருக்கு மட்டும் ஏங்க அப்பிடியே வுட்டு வெச்சிக்கினு இருக்கீங்க?"

"டாக்டர் சொல்லியிருக்காரும்மா."

"டாக்டரு வாரத்துக்கு ரெண்டு நாளு வர்றாரு. தெனம் பாக்குறது நீங்கதான."

மாணிக்கத்தின் கால் கண்முன்னால் வந்தது. வெள்ளையாக நெளிந்தது. டாக்டர் சொன்னபடி விட்டு, உள்ளே புழு வைத்துவிட்டால்? பரீட்சை போகும், கால் போகும், பழி என்மேல் விழும். உண்மையைச் சொல்வதென்றால் அந்த மூன்றில் எது முன்னால் வந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

பிரித்தேன்.

வலைக்கு அடியில் மஞ்சளும் வெளுப்புமாக ஒரு படலம். சீழ் என்று நினைத்துவிட்டேன். அது சீழில்லை, புண்ணிலிருந்து ஊறும் நீர் உறைந்தது. அதற்கு நடுவே அங்கங்கே அரிசி நொய் மாதிரி வெளிறின புள்ளிகள் இருந்தன. அதுதான் புதுத்தோல், தீவு தீவாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. அதையும் அழுக்கு என்று எடுத்தேன். யூசாலில் காஸை நனைத்துத் தேய்த்தேன், ரத்தம் துளிர்க்கிறவரைக்கும். ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அஞ்சலை கும்பிட்டாள்.

"இப்பதாங்க மனசு அடங்குது," என்றான் கொளஞ்சி. வலியில் அவன் கண்ணில் தண்ணீர்.

டப்பா டாக்டரின் பையில். என்னிடம் வேறு வலை இல்லை. அதே வலையை, பாதி வாஸலின் போனதை, மறுபடி வைத்தேன். அதே துணியைச் சுற்றினேன். புதுப் பிளாஸ்திரி ஒட்டி, அலமாரியில் கிடந்த காப்பிப் பென்சிலை நாக்கில் தொட்டு, அறுந்த கோட்டை இழுத்துச் சேர்த்தேன்.

"டாக்டருகிட்ட சொல்லக் கூடாது," என்றேன்.

"நான் ஏங்க சொல்லப்போறன்?"

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். கட்டின்மேல் விரலை ஓட்டிக் கோட்டைத் தடவினார். அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். அது போதாதா எனக்கு? சனிக்கிழமை மறுபடி பிரித்தேன். வலை ஒரு ஓரத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, இழுத்தேன். திங்கட்கிழமை பிரித்தேன். அன்றைக்கு வலையே கந்தலாகிவிட்டது, பாதி இடத்துக்கு வெறும் காஸ் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் தேய்த்தேன், ஒவ்வொரு தடவையும் ரத்தம் வந்தது, ஒவ்வொரு தடவையும் சுத்தமாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் பிரிக்கப்போகிறார். அதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டால் தேவலை என்று தோன்றியது. பூட்டின கதவை மூன்றாம் தடவை இழுக்கிற புத்தி. பிரித்து, கட்டி, கோடு போட்டு முடிக்கும்போது ஜீப் சத்தம் கேட்டது.

ஐந்து நிமிஷம் கை கழுவினார். கட்டைப் பிரித்தார். காஸ் ஒட்டியிருந்தது. உப்புத்தண்ணீர் விட்டு ஊறவைத்துக்கொண்டு காத்திருந்தார். காஸ் வந்தது. கந்தலான வலை வந்தது. போன செவ்வாய்க்கிழமை ஊசி பட்டால் துடித்த இடம் இப்போது ஆழமாகச் சிவந்து, மேடும் பள்ளமுமாக, இறைச்சிக் கடைத் துண்டு மாதிரி கிடந்தது.

காஸை முகர்ந்தார். பிளீச்சிங் பவுடர் வாசனை அவருக்குத் தெரியாதா?

பிரித்துப்போட்ட சுற்றுத்துணியைக் கையில் எடுத்து, கோடு இருந்த இடத்தைப் பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்தார். விரலில் ஊதா ஒட்டியது.

"யார் பிரிச்சது?" என்றார். கொளஞ்சியைப் பார்த்துக் கேட்டார்.

கொளஞ்சி என்னைப் பார்த்தான். நான் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"நான்தாங்க," என்றான் கொளஞ்சி. "அரிப்பு தாங்க முடியிலிங்க. வூட்ல வெச்சிப் பிரிச்சிட்டன்."

"நீயா?"

"ஆமாங்க."

"கோடு?"

"அது... அதுவும் நான்தாங்க."

கொளஞ்சிக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது. கூலிப் பட்டியலில் பெருவிரல் வைப்பான். அது டாக்டருக்கும் தெரியும், வாசலில் நின்ற மேஸ்திரிக்கும் தெரியும். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். கிண்ணத்தை எடுத்துத் துடைத்தேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். என் முகத்தை, அதில் உதட்டை, நிதானமாகப் பார்த்தார்.

"போய் வாயைக் கழுவிட்டு வா," என்றார்.

பானைத் தண்ணீரை அள்ளிக் கொப்பளித்தேன். மண்ணில் ஊதாவாகத் தெறித்தது. திரும்பி வந்தபோது அவர் சீட்டு எழுதி முடித்திருந்தார். நோயாளி சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை, தானே கட்டைப் பிரித்ததால் புண் ஆழமாகிவிட்டது என்று. எழுதினதை மேஸ்திரியிடம் கொடுத்தார். மேஸ்திரி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சொன்னப் பேச்சக் கேக்காதவன எப்பிடிரா பெர்மனென்ட்டுக்கு அனுப்புறது?" என்றான். கொளஞ்சி தலையைக் குனிந்துகொண்டிருந்தான். பெயரை அன்றைக்கே அடித்துவிட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு டாக்டர் மடித்த சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக இறக்கிக்கொண்டிருந்தார். நான் அழுதேன். சீட்டை மாற்றி எழுதுங்கள் என்று கேட்டேன் என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. கேட்கவில்லை. தப்புப் பண்ணிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்," என்றார். "உன் பேரை எழுதினா உன்னை அனுப்பணும். அனுப்பினா இந்தக் கொட்டகைக்கு ஆள் வர ஆறு மாசம் ஆகும். அவன் இடத்துக்கு வெளியில வரிசையில நிக்கிறாங்க."

சட்டைப் பையிலிருந்து காப்பிப் பென்சிலை எடுத்து என் பையில் செருகினார். "இனிமே நீயே போட்டுக்கோ."

அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் செவ்வாயும் வெள்ளியும் வந்தார். எந்தக் கட்டிலும் கோடு போடவில்லை. என்னிடம் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. அவர் நல்ல டாக்டர், அதில் சந்தேகமில்லை. ஆனால் யாருடைய பெயரை எழுதினால் செலவு குறைவு என்று அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தக் கணக்கில் நான் தப்பினேன் என்பதால் அதை இத்தனை வருஷம் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை.

கொளஞ்சிக்குப் புண் ஆற மூன்று மாசம் ஆனது. ஆறும்போது தழும்பு இழுத்துக்கொண்டது. கால்விரல்கள் மேல்நோக்கித் தூக்கிக்கொள்ள, குதிகாலை ஊன்றித்தான் நடப்பான். மண் கூடையைத் தூக்க முடியாது என்று ஒப்பந்தக்காரரும் நிறுத்திவிட்டார். அவன் வீடு குழிக்குள் போன பிறகு எங்கே போனான் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் பயமாக இருந்தது.

நாலைந்து வருஷம் கழித்துச் சேத்தியாத்தோப்பில் பார்த்தேன். அறுவடைக் காலம், பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். நான் அப்போது வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். எதிரே நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், வலது காலை நீட்டிக்கொண்டு சாக்குத் தைத்துக்கொண்டிருந்தான். அஞ்சலை ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பிக்கொள்வதற்குள் பார்த்துவிட்டான்.

"டிரஸ்ஸர் சாரு," என்று கூப்பிட்டான். முகம் மலர்ந்துவிட்டது. "நல்லா இருக்கீங்களா? அஞ்சல, யாருன்னு தெரிதா? நம்ப டிரஸ்ஸரு."

"தெரியாம என்னா," என்றாள் அவள். "அன்னிக்கி இவுரு மட்டும் பிரிச்சிப் பாக்கலன்னா காலே அழுவிப்போயிருக்கும்னு இன்னிக்கி வரிக்கும் சொல்லிக்கினு இருக்கிறியே."

"ஆமாங்க. டாக்டரு மூடி வெச்சிட்டுப் போய்ட்டாரு. நீங்கதான தெனம் பாத்தீங்க. அதான் உங்களக் காட்டிக் குடுக்க மனசு வரல."

அவன் அப்படி நினைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என்மேல் இரக்கப்பட்டுப் பொய் சொன்னான் என்று நினைத்திருந்தேன். நன்றிக்காகச் சொல்லியிருக்கிறான். அதை என்னால் தாங்க முடியவில்லை. மூடின கட்டைப் பார்த்ததுபோல, பிரித்துவிட்டால் தேவலை என்று ஆகிவிட்டது.

அந்த இடத்திலேயே, நெல் தூசியில் நின்றுகொண்டு, சொல்லிவிட்டேன். சீழ் இல்லை கொளஞ்சி, அது ஆறிக்கொண்டுதான் இருந்தது, வெள்ளையாக இருந்தது புதுத்தோல், அதை நான்தான் தேய்த்து எடுத்தேன், பிரிக்காமல் விட்டிருந்தால் பரீட்சைக்கு முன்னால் ஆறியிருக்கும், டாக்டருக்கும் தெரியும். எல்லாவற்றையும். பேசப் பேச எனக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது.

அவன் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தான். நீட்டியிருந்த காலைப் பார்த்தான்.

"நல்லதுக்குச் செஞ்சாரு, நம்ப தலையெழுத்துன்னு நெனச்சிக்கினு இருந்தங்க," என்றான். "அதுல ஒரு கொறையும் இல்லாம பொழப்பு ஓடிக்கினு இருந்துது."

அஞ்சலைதான் பேசினாள். சத்தம் போடவில்லை.

"சொல்றதுக்குன்னு ஒரு நாளு இருந்துது இல்லிங்க? டாக்டரு கேட்டாரு, மேஸ்திரி நின்னுக்கினு இருந்தான், பேர இன்னும் அடிக்கல. அன்னிக்கி வாயத் தொறக்கல. இன்னிக்கி யாரு கேட்டா?" நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உங்க பஸ்ஸு வந்துரிச்சி பாருங்க. போங்க."

கொளஞ்சி நிமிரவில்லை. நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நர்ஸ் பெண்ணே, நீ கேட்டதை எழுதிவிட்டேன். சிவப்பு மருந்து, மஞ்சள் மருந்து, யூசால், லின்ட், வாஸலின் வலை, அவ்வளவுதான் எங்களிடம் இருந்தது. அதில் நல்லது அந்த வலைதான். உள்ளே தெரிகிற உன் கண்ணாடித் தாள் எங்களுக்கு இருந்திருந்தால் நான் பிரித்திருக்கமாட்டேன் என்று நீ நினைக்கக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. முந்தாநாள் மத்தியானம் அதன் ஒரு மூலையில் நகம் வைத்திருந்தேன், எப்போது வைத்தேன் என்று எனக்கே தெரியாது. உடனே கையை எடுத்துவிட்டேன். இப்போது அதன்மேல் ஒரு பழைய வேட்டித் துண்டைச் சுற்றி இறுக்கி முடிந்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ வந்து அவிழ்க்கிறவரை நான் அதைப் பார்க்கப்போவதில்லை.